உலக விவகாரத்தை எம்.ஏ. மட்டத்தில் படிப்பது எப்படி? சேலத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிவி விவாதங்களையும் ‘மூன்றாம் உலகப் போர் மூளுமா?’ வகை யூடியூப் காணொளிகளையும் விரும்பிப் பார்க்கும் ஒருவர், அந்த ஆர்வத்திலேயே சர்வதேச உறவுகள் எம்.ஏ.வில் சேர்ந்தால் முதல் செமஸ்டரில் கொஞ்சம் திணறத்தான் செய்வார். போரில் யார் ஜெயிப்பார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. ‘நீங்கள் சொல்லும் தீர்மானத்தைப் படித்தீர்களா, எத்தனையாவது பத்தியில் அப்படி இருக்கிறது?’ என்று கேட்பார்கள். ‘இதற்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா?’ என்று மடக்குவார்கள். பதில் தெரியாமல் நிற்கும்போதுதான், செய்தி தெரிந்திருப்பதற்கும் பாடம் தெரிந்திருப்பதற்கும் உள்ள தூரம் உறைக்கும்.

சேலம், ஆத்தூர், மேட்டூர், ஓமலூர், ஏற்காடு பக்கம் இருந்துகொண்டு இந்தப் படிப்பை எடுக்க நினைப்பவர்களுக்கும், எடுத்துவிட்டு எங்கே தொடங்குவது என்று முழிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். டெல்லியில் இல்லையே என்ற குறை வேண்டாம். தூதரகமும் கருத்தரங்கும் இங்கே இல்லை, வாஸ்தவம். ஆனால் இந்தத் துறைக்கு வேண்டிய மூல ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அந்த ஆவணங்கள் யாரைப் போய்த் தொடுகின்றனவோ அந்த ஆட்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

எங்கே சேர்வது

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்பது தவறான எண்ணம். பி.காம்., பொறியியல், ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் அரசியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த எம்.ஏ. இருக்கிறது. டெல்லி ஜே.என்.யு.வில் சர்வதேச ஆய்வுப் பள்ளி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சார்க் நாடுகள் சேர்ந்து டெல்லியில் நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகத்திலும் சர்வதேச உறவுகள் எம்.ஏ. உண்டு. அங்கே சேர்ந்தால் நேபாளம், வங்கதேசத்து மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுத் துறையையும் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையத்தையும் பாருங்கள். ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் சர்வதேச ஆய்வுகள் எம்.ஏ. நடக்கிறது.

வேலையை விட முடியாதவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.ஏ. அரசியல் அறிவியல் சரிப்படும். அதில் எம்.பி.எஸ். 002 என்ற தாள் முழுக்க சர்வதேச உறவுகளின் கோட்பாடும் பிரச்சினைகளும்தான். அதன் பாடப்புத்தகங்கள் ஈ-ஞானகோஷ் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கின்றன. எந்தக் கல்லூரியில் சேர்வதாக இருந்தாலும், சேர்வதற்கு முன்பே அந்தத் தாளை ஒரு தடவை வாசித்துவிடுவது நல்லது. நடை கொஞ்சம் வறட்சிதான், பழைய உதாரணங்களும் நிறைய. ஆனாலும் அடித்தளத்துக்கு அது போதும்.

யு.பி.எஸ்.சி.க்கு விருப்பப் பாடமாக இதை எடுப்பவர்களுக்கும் இனி சொல்லப்போகும் வழி பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கோச்சிங் சென்டர் நோட்ஸை வைத்து எம்.ஏ. அசைன்மென்ட் எழுத உட்காராதீர்கள். ஒரு கேள்விக்கு ஆறு பாயின்ட் என்று அடுக்கிப் பழகிய கை, ஒரே பாயின்டை ஆறு பக்கம் தோண்டச் சொன்னால் நின்றுவிடும்.

தலைப்பிலிருந்து கேள்விக்கு

‘ரஷ்யா–உக்ரைன் போரும் இந்தியாவும்’ என்பது தலைப்பு. இதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க எழுதலாம், ஒன்றும் தேறாது. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில், ரஷ்யப் படையெடுப்புக்கு எதிரான உக்ரைன் தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 இரண்டு பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கிய 35இல் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை நான்குமே இருந்தன. நேபாளமும் பூடானும் ஆதரித்தன. பல விஷயங்களில் எலியும் பூனையுமாக இருக்கும் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் நின்றது ஏன்? இந்தியாவோடு மிக நெருக்கமான பூடான் வேறு பக்கம் போனது எப்படி?

பாருங்கள், இதில் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, ‘ஏன்’ இருக்கிறது. முக்கியமாக, நீங்கள் சொல்லும் பதில் தப்பாகிப்போக வாய்ப்பும் இருக்கிறது. ‘இந்தியா நடுநிலையான நாடு, அதனால் ஒதுங்கியது’ என்று எழுதினால், 2023 அக்டோபர் 27இல் காசா தீர்மானத்தில் ஒதுங்கிய அதே இந்தியா டிசம்பர் 12இல் போர் நிறுத்தத் தீர்மானத்தை ஆதரித்ததே, அது எப்படி என்று எதிரே இருப்பவர் கேட்க முடியும். தப்பாகவே முடியாத பதிலைத் தரும் கேள்வியை எடுக்காதீர்கள். ‘இந்தியா–சீனா உறவு: ஒரு பார்வை’ மாதிரியான தலைப்புகளை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

தொடக்கத்தில் எல்லாருக்கும் அகலக் கால் வைக்கும் ஆசை வரும். ஒரு செமஸ்டர் அசைன்மென்டுக்கு ஒரு வாக்கெடுப்பு, அல்லது ஒரு ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து, அல்லது ஒரு வரி உயர்வு. அதற்கு மேல் எடுத்தால் நுனிப்புல் மேய்ந்ததாகத்தான் முடியும்.

ஊரிலிருந்து பிடிக்கும் நூல்

நல்ல கேள்வி அகப்படவில்லை என்றால் சேலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஜவ்வரிசியை எடுங்கள். இரண்டாம் உலகப் போரில் 1942 தொடக்கத்துக்குள் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போயின. அங்கிருந்து வந்துகொண்டிருந்த சேகோ நின்றது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் தலைதூக்கியது அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான். இன்று அதே தென்கிழக்காசியாவோடு நமக்கு ஆசியான் வணிக ஒப்பந்தம் இருக்கிறது. 2010 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன் வரிப் பட்டியலில் மரவள்ளி மாவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே ஒரு அசைன்மென்டுக்குத் தாங்கும்.

இரும்பாலைப் பக்கம் போனால் இரண்டு கதைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. உருக்குக்கு அமெரிக்கா 2018இல் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 25 சதவீத வரி போட்டது, 2025 ஜூனில் அதை 50 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் கரியமில வாயுவைக் காரணம் காட்டி எல்லைக் கட்டணம் கொண்டுவந்தது. 2023 அக்டோபரில் கணக்குக் கேட்க ஆரம்பித்து, 2026 ஜனவரியிலிருந்து வரும் இறக்குமதிக்குக் காசாகவே கேட்கிறது. ஒருவர் பாதுகாப்பு என்கிறார், இன்னொருவர் பருவநிலை என்கிறார், இரண்டும் உருக்குக்குத்தான் வந்து விழுகின்றன. ஒரே பண்டத்துக்கு இரண்டு விதமான நியாயம் ஏன்? ஒப்பீட்டு ஆய்வுக்கு இதைவிடத் தோதான ஜோடி கிடைப்பது சிரமம்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசையும் யோசிக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் பொருளாதாரத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். கணக்கில் தைரியம் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது

என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்து மாணவருக்கு இப்போதைக்கு மிகச் சிறந்த விஷயம் ஏற்காட்டுக் காபிதான். சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அன்றைக்கே அது உலக வணிகத்தோடு வந்த பயிர். இன்றைக்கு அதன் தலையெழுத்தை ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ்.

2023இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்பு ஒழுங்குமுறை என்று ஒரு சட்டம் போட்டது. எண் 2023/1115. மாடு, கொக்கோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து வரும் பல பொருள்களும் அதற்குள் அடங்கும். இதைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பத்தி வாசித்துவிட்டு ‘ஐரோப்பாவின் பசுமைக் காலனியம்’ என்று எழுத ஆரம்பிப்பது சுலபம். நீங்கள் அப்படிச் செய்யாமல் சட்டத்தின் வாசகத்தையே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. முதலில் 2ஆம் பிரிவு, அதாவது வரையறைகள். பிறகு 3ஆம் பிரிவு, அதாவது நிபந்தனைகள். அதற்குப் பிறகு முன்னுரை.

3ஆம் பிரிவில் மூன்று நிபந்தனை இருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது. விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும். அதற்கான உறுதி அறிக்கை தாக்கல் ஆகியிருக்க வேண்டும். எல்லாரும் முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுவார்கள். நம் மலைக்கு இரண்டாவதும் முக்கியம், ஏனென்றால் ‘நாட்டின் சட்டம்’ என்பதற்குள் நில உரிமையும் வருகிறது. சேர்வராயனில் எஸ்டேட்காரர்கள் மட்டும் காபி வைக்கவில்லை, மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களும் சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் வைத்திருக்கிறார்கள். யாரிடம் பட்டா இருக்கிறது, யாரிடம் அனுபவ பாத்தியதை மட்டும் இருக்கிறது என்ற உள்ளூர்க் கேள்வி ஒரு ஐரோப்பியச் சட்டத்துக்குள் நுழைவது இப்படித்தான்.

இனி 2ஆம் பிரிவுக்குத் திரும்புங்கள். நிலம் அரை ஹெக்டேருக்கு மேல், மரம் 5 மீட்டருக்கு மேல், மரக்கவிகை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காடு. ஏற்காட்டுத் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில்தான் காபி நிற்கிறது, அந்த மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. மேலிருந்து படம் எடுத்தால் அது காடு மாதிரிதான் தெரியும். ஆனால் அதே பிரிவு, மர நிழலில் பயிர் வளர்க்கும் வேளாண் முறையைக் காடு என்ற கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. ஆக சட்டத்தில் ஏற்காட்டுத் தோட்டம் காடல்ல, படத்தில் மட்டும் காடு. இந்த இடைவெளியை யார் நிரூபிக்க வேண்டும், அந்தச் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அதிகாரம் பற்றிய கேள்விக்கு வந்துவிட்டீர்கள். நிலத்தின் ஆள்கூறுகளை ஆறு தசம இடம் வரை தர வேண்டும், 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையையே வரைந்து தர வேண்டும் என்பதெல்லாம் அதே சட்டத்தில் இருக்கிறது.

2025 மே மாதம் நாடுகளை அபாய வாரியாகப் பிரித்தபோது இந்தியா ‘குறைந்த அபாயம்’ பட்டியலில் வந்தது. சட்டம் அமலாகும் தேதியோ 2024 டிசம்பரிலிருந்து 2025 டிசம்பருக்கும், அங்கிருந்து 2026 டிசம்பருக்கும் தள்ளிப் போயிற்று. இரண்டாவது முறைக்கு ஐரோப்பிய ஆணையம் முதலில் சொன்ன காரணம், கணினி அமைப்பு சுமை தாங்காது என்பது. அதை நம்பலாமா? ஏற்றுமதி நாடுகளின் நெருக்கடியா, ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் கட்சிக் கணக்கா, உண்மையிலேயே கம்ப்யூட்டர்தானா? மூன்று விளக்கமும் ஒன்றோடொன்று மோதுகிறது. டெசர்டேஷனுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, வேண்டியது இந்த மோதல்தான்.

தியரியை எப்போது எடுப்பது

ரியலிசம் (நாடுகளின் வல்லமைப் போட்டியைப் பார்ப்பது), லிபரலிசம் (உள்நாட்டு அரசியலையும் ஒத்துழைப்பையும் பார்ப்பது), கன்ஸ்ட்ரக்டிவிசம் (அடையாளத்தையும் நெறிகளையும் பார்ப்பது) என்று முதல் மாதமே மூன்று பெயரைக் கொடுத்துவிடுவார்கள். பலர் அதை மதம் மாதிரி எடுத்துக்கொண்டு, ‘நான் ரியலிஸ்ட்’ என்று திரிவார்கள். தியரி என்பது உரைகல். கேள்வியை அதில் உரசிப் பார்க்க வேண்டும். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தில் உரசிக் காட்டுகிறேன்.

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை பற்றிய தீர்மானம் 2012 மார்ச்சில் வந்தது. இந்தியா ஆதரித்தது. 2013 மார்ச்சிலும் ஆதரித்தது. 2014 மார்ச்சில் ஒதுங்கியது. பிறகு 2021, 2022லும் ஒதுங்கியது. நம் கேள்வி: 2013க்கும் 2014க்கும் நடுவில் என்ன மாறியது?

முதல் விளக்கம் உள்நாட்டு அரசியல். 2013 மார்ச்சில் தமிழ்நாடு முழுக்க மாணவர் போராட்டம், மத்தியக் கூட்டணியிலிருந்து தி.மு.க. மார்ச் 19 அன்று விலகியது. அந்த அழுத்தம் ஆதரவு வாக்கைக் கொண்டுவந்தது, 2014இல் அந்தக் கட்சி கூட்டணியில் இல்லை, அதனால் டெல்லி நழுவியது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2014 மார்ச் என்பது மக்களவைத் தேர்தலுக்கு முந்தின மாதம். தமிழ்நாட்டு வாக்குதான் காரணம் என்றால் அப்போதல்லவா இன்னும் பயந்திருக்க வேண்டும்? இந்த இடத்தில் விளக்கம் கொஞ்சம் தள்ளாடுகிறது.

இரண்டாவது விளக்கம் தீர்மானத்தின் வாசகத்தில் இருக்கிறது. 2012, 2013 தீர்மானங்கள் இலங்கை தானே அமைத்த ஆணையத்தின் பரிந்துரைகளை நிறைவேற்றச் சொல்வதை மையமாகக் கொண்டவை. 2014 தீர்மானமோ ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரிக்க வேண்டும் என்றது. வெளியிலிருந்து வரும் விசாரணையை இந்தியா இறையாண்மையில் தலையிடுவதாகப் பார்த்தது, அப்படியே சொல்லியும் ஒதுங்கியது. இந்தியாவுக்குக் காஷ்மீர் நினைவும் உண்டு. ஒரு நாடு தன்னை யாராக எண்ணிக்கொள்கிறது, எந்த விதியைப் புனிதமாக நினைக்கிறது என்று பார்க்கும் கன்ஸ்ட்ரக்டிவிசத்துக்கு இது தீனி.

மூன்றாவது சீனா. ரியலிஸ்ட் நேராக இங்கே வருவார்: கொழும்பை அழுத்தினால் அது பெய்ஜிங் பக்கம் சாயும். இங்கே ஒரு வலை இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள். இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது 2017இல். சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வந்தது 2014 செப்டம்பரில். இரண்டுமே மார்ச் வாக்கெடுப்புக்குப் பிந்தியவை. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததை விளக்கக் கூடாது. சீனாதான் காரணம் என்று வாதாட வேண்டுமென்றால் 2014க்கு முந்தின கடன்களையும் கட்டுமானங்களையும் காட்டுங்கள். அவை இருக்கத்தான் செய்கின்றன.

அமெரிக்க அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1959இல் சொன்ன தனிமனிதர், அரசு, உலக அமைப்பு என்ற மூன்று மட்டங்களும் இதோடு சேர்ந்து புரியும். எந்த விளக்கம் ஜெயிக்கிறது என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு: வாசகம்தான் என்று நினைக்கிறேன். 2014 தீர்மானத்தையும் 2013 தீர்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் யாரும் அதை லேசாக ஒதுக்க மாட்டார். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், அதற்குத்தானே மதிப்பெண்.

காவிரியும் சிந்துவும்

‘அனார்க்கி’ என்ற சொல்லைக் கேட்டதும் கலவரம், கூச்சல் என்று நினைக்கிறோம். இந்தத் துறையில் அதற்கு நாடுகளுக்கு மேல் ஓர் அரசு இல்லை என்பது மட்டுமே பொருள். மேட்டூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் காவிரியில் 177.25 டி.எம்.சி. என்றது. அதே ஆண்டு காவிரி மேலாண்மை ஆணையமும் வந்தது. கர்நாடகம் முணுமுணுக்கலாம், இழுக்கலாம், ஆனால் நீதிமன்றம் கூப்பிட்டால் வந்து நின்றாக வேண்டும்.

நாடுகளுக்கு நடுவில் கதை வேறு. இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட சிந்து நதி ஒப்பந்தம் 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் கையெழுத்தானது. உலக வங்கியும் அதில் கையெழுத்திட்டது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஒப்பந்தத்தின் 12ஆம் ஷரத்தின் 4ஆம் பத்தியோ, இரண்டு அரசுகளும் இன்னொரு ஒப்பந்தம் போட்டு முடிக்கிற வரை இது தொடரும் என்கிறது. தி ஹேகில் நடுவர் மன்றம் தன் அதிகாரம் போய்விடவில்லை என்று அதே ஆண்டு ஜூனில் சொன்னது. இந்தியா அதை ஏற்கவில்லை. அதற்கு மேல் அந்த மன்றத்தால் என்ன செய்ய முடியும்?

இதை எழுதிவிட்டு ‘உள்நாட்டில் சட்டம், வெளியே வல்லமை’ என்று கோடு போட்டு முடித்துவிடாதீர்கள். உச்ச நீதிமன்றம் சொல்லியும் காவிரியில் தண்ணீர் வராமல் அடம் பிடித்த வருடம் நமக்குத் தெரியும். 1965, 1971, 1999 சண்டைகளின் போதுகூட சிந்து ஒப்பந்தம் முறியாமல் இருந்ததும் தெரியும். மேலே அதிகாரி இல்லாத இடத்தில் ஒழுங்கு இருந்திருக்கிறது, அதிகாரி இருந்த இடத்தில் மீறலும் நடந்திருக்கிறது. நல்ல கட்டுரை இந்தச் சிக்கலில் இருந்துதான் கிளம்பும்.

தினசரி வேலை

ஒரு நோட்டு போடுங்கள், கம்ப்யூட்டரில் எக்ஸெல் தாளாகவும் இருக்கலாம். நான்கு கட்டம்: தேதி, யார், என்ன செய்தார்கள் அல்லது சொன்னார்கள், எந்த ஆவணத்தில். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியைக் கட்டுரையில் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் அரை மணி நேரம் போதும்.

ஆவணம் எங்கே? வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் கூட்டறிக்கைகளும், செய்தித் தொடர்பாளரின் வாராந்தர சந்திப்பின் எழுத்து வடிவமும் இருக்கின்றன. ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் தீர்மானமும் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதும் கிடைக்கும். வாக்களித்த பிறகு நாடுகள் தரும் விளக்க உரையைத் தவறவிடாதீர்கள், வாக்கைவிட அதில்தான் சரக்கு அதிகம். பெரும்பாலான மாணவர்கள் எட்டிப் பார்க்காத பொக்கிஷம் மக்களவை, மாநிலங்களவைக் கேள்வி–பதில். எம்.பி. ஒருவர் காபி ஏற்றுமதி பற்றிக் கேட்டிருப்பார், அமைச்சர் எழுத்தில் பதில் தந்திருப்பார். மேற்கோள் காட்ட அதைவிட உறுதியான இடம் இல்லை. வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளும் அப்படித்தான்.

சிந்தனைக் குழாம்களின் கட்டுரைகளைப் படிக்கும்போது யார் பணத்தில் நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். டெல்லியில் இருக்கும் மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் நிதி தருகிறது. அதனால் அது எழுதுவது பொய் என்றாகிவிடாது. எங்கே நின்று பேசுகிறது என்பது தெரிய வேண்டும், அவ்வளவே.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் ஒரு மலைப்புதான். ஆனால் தீர்மானங்களின் ஆங்கிலம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். நாலைந்து தீர்மானம் படித்தால் ‘கண்டிக்கிறது’, ‘வருந்துகிறது’, ‘கவனத்தில் கொள்கிறது’ என்ற வினைச்சொற்களின் படிக்கட்டு பிடிபட்டுவிடும். ராஜதந்திரத்தில் சண்டையே அந்த வினைச்சொற்களைப் பற்றித்தான். கல்விக் கட்டுரைகளில் முதலில் சுருக்கம், பிறகு முடிவுரை, அதன் பிறகே நடுப்பகுதி. வாதம் என்ன என்பதைத் தமிழில் மூன்று வரி எழுதிவிட்டு மூடுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள், மறுபடி திறக்க வேண்டியதுதான்.

மலையேறிக் கேட்பது

காபியை எடுத்தவர்கள் ஏற்காட்டுக்குப் போகாமல் எழுதக் கூடாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம். அப்போது போய் நோட்டை நீட்டினால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. பறிப்பு ஓய்ந்த பிறகு போங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பக்கம் பெரிய தோட்டமும் சிறு விவசாயியும் இரண்டுமே பார்க்கலாம். எஸ்டேட் மேனேஜரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பினால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

‘ஐரோப்பிய ஒழுங்குமுறை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘போன வருஷம் காய் யாருக்குப் போட்டீங்க ஐயா, நெலத்தை அளக்க யாராச்சும் வந்தாங்களா, எந்தப் பேப்பர் கேட்டாங்க?’ என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும், கருத்தைக் கேட்டால் நீங்கள் விரும்புகிற பதில் வரும். எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டா விஷயத்தைப் பேசும்போது போனில் பதிவு செய்ய வேண்டாம். அந்த மலையில் நில விவகாரம் அவர்களுக்கு ஆய்வுப் பொருள் அல்ல, குடும்பப் பிரச்சினை. காபி வாரிய விரிவாக்க அலுவலர்களிடமும் கேட்டு, இரண்டு பக்கமும் சொல்வது எங்கே ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடிப்பது

நடப்பு விஷயத்தில் எழுதுபவர்களைக் கொல்வது நடப்பேதான். நீங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பீர்கள், அங்கே தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அதனால் முதல் பக்கத்திலேயே ‘இந்த ஆய்வு இன்ன தேதி வரையிலான நிகழ்வுகளைக் கொண்டது’ என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதற்குப் பின் வருவது ஓர் அடிக்குறிப்பில் மட்டும். கைடு அதைத் தாண்டி எழுதச் சொன்னால் பணிவாக இந்த வரியைக் காட்டலாம்.

யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதை இலக்காக வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றி மாற்றி எழுதும் வேலை வேண்டாம். ஏ.ஐ. கருவி தரும் மேற்கோளை மூல ஆவணத்தில் கண்ணால் பார்க்காமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இல்லாத தீர்மானத்துக்கு எண் கொடுத்துவிடும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

வைவாவுக்கு வரும் வெளித்தேர்வர் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து புரட்டுவார். நூற்பட்டியலில் ஒன்றைத் தொட்டு ‘இவர் என்ன சொல்கிறார்?’ என்பார். படிக்காத எதையும் அந்தப் பட்டியலில் வைக்காதீர்கள். அடுத்த கேள்வி அநேகமாக, நீங்கள் தள்ளிவிட்ட விளக்கத்தைப் பற்றியதாக இருக்கும். அதற்கு இரண்டு நிமிடப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கட்டுரை நிற்கும் முக்கிய ஆவணத்தை, அது தீர்மானமோ சட்டப் பிரிவோ, அச்செடுத்து, வாதத்துக்கு வேண்டிய பத்திகளில் பென்சிலால் கோடு போட்டு, கையோடு எடுத்துப் போங்கள்.